மேற்கோளும் மூலமும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வரலாற்றை எழுதுவதில் சான்று காட்டும் முறை

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் மலேசியத் தமிழர் வரலாற்றில் நிலையான இடம்பெற்ற நிகழ்ச்சியாகும். அதனைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளின் பட்டியல் தவறாமல் இடம்பெறக் காண்கிறோம். இந்தியத் தொழிலாளருக்கும் சீனத் தொழிலாளருக்கும் ஒத்த கூலி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்டிரைத் துன்புறுத்தும் செயல்கள் நிறுத்தப்பட வேண்டும். துரையின் முன்னிலையில் மிதிவண்டியில் செல்லத் தடை கூடாது. சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்றவாறு அப்பட்டியல் அமையும். நம்மிடம் திருத்தத்திற்கு வரும் ஆய்வேடுகளில் இக்கோரிக்கைகள் பெரும்பாலும் மேற்கோள் குறிகளுக்குள்ளேயே தரப்பெறுகின்றன. அக்குறிகளுக்குள் உள்ள தமிழ் யாருடைய தமிழ்? தொழிலாளருடையதா, சங்கத் தலைவர் நாதனுடையதா, அரசு மொழிபெயர்ப்பாளருடையதா, ஆங்கில நூலாசிரியருடையதா, அன்றி நம் மாணவருடையதா? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

சான்று காட்டும் முறை குறித்து நம் துறையிலும் ஆசிரியர் கல்விக்கழகங்களிலும் பேசப்படும்பொழுது பேச்சு விரைவில் காற்புள்ளி எங்கே, முக்காற்புள்ளி எங்கே, ஆண்டு அடைப்புக்குள் வருமா என்னும் அளவில் நின்றுவிடுகிறது. வடிவம் வேண்டற்பாலதே. எனினும் அது இரண்டாவது கேள்வி. முதற்கேள்வி, எழுதியவர் எதனைக் கண்ணால் கண்டார், எதனைப் பிறர் வழியாகக் கேட்டார் என்பதே. கிள்ளான் செய்தியை நன்கு விளங்கிக்கொள்வதற்கு முன், இவ்வேறுபாடு தமிழுக்கு மேலைநாட்டார் கற்றுத்தந்த ஒன்றன்று என்பதைச் சிறிது நோக்குவோம்.

தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்தோர் கருத்தைக் கூறுமிடத்தெல்லாம் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் குறித்துச் செல்கிறார். அது பணிவு மட்டுமன்று. இஃது என் கண்டுபிடிப்பன்று என்னும் அறிவிப்புமாகும். சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். இசை, நாடகம் பற்றிய பழைய நூல்களுள் பெருநாரை, பெருங்குருகு, முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலியன தம் காலத்தில் வழக்கிறந்தன என்று கூறி, தாம் சார்ந்து உரை எழுதும் நூல்கள் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் ஆகிய ஐந்துமே என்று தெளிவாக்குகிறார். இன்றைய ஆய்வேட்டின் முன்னுரையில் 'ஆய்வு மூலங்கள்' என்னும் தலைப்பின்கீழ் நாம் எழுதச் சொல்வதை இவ்வுரையாசிரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதிவிட்டார். அவ்வைந்தனுள் ஒன்றாகிய பஞ்சமரபு 1973இல் அச்சேறியபொழுது, இது அடியார்க்கு நல்லார் குறித்த நூலே என்று கொள்வதற்கு அவர் தந்த குறிப்புகள் பேருதவியாயின.

பெயர் கூறாத மேற்கோள் எத்துணை உழைப்பை வாங்கும் என்பதற்கும் நம் மரபிலேயே சான்றுண்டு. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கிய உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் எண்ணற்ற மேற்கோள் அடிகள் எந்நூல் என்ற குறிப்பின்றி 'என்றார் பிறரும்' என்ற பொதுத்தொடரோடு நிற்கக் கண்டார். அந்தப் 'பிறர்' யாவர் என்று தேடியதன் பயனாகவே சங்க நூல்களின் ஏடுகளுக்குள் அவர் புகுந்தார். சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பட்ட பாடு அவருடைய தன்வரலாற்றில் விரிவாக உள்ளது. உரையாசிரியருக்குத் தம் காலத்து மாணாக்கர் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்திருப்பர் என்ற நம்பிக்கை இருந்திருக்கும். அறிந்த மாணாக்கர் மறைந்தபின் நம்பிக்கையும் உடன் மறைந்தது. தாம் பட்ட துன்பத்தைப் பின்வருவோர் படலாகாதென்று ஐயர் தம் பதிப்புகளில் உரையிற்கண்ட நூல்களின் பட்டியலையும், உதவிய ஏடுகளையும், அவற்றைத் தந்தோர் பெயர்களையும் குறித்துவைத்தார்.

இதற்கு மறுதலையாக, பெயர் கூறிய மேற்கோளால் உயிர்பிழைத்த நூல்களும் உள. வளையாபதியில் இன்று நமக்குக் கிடைப்பன 72 பாடல்கள், குண்டலகேசியில் 19. வளையாபதிப் பாடல்களுட் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகைநூலிலிருந்து பெறப்பட்டவை. அத்தொகையை ச. வையாபுரிப் பிள்ளை 1938இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்தார். தொகுத்தவர் பாடலுக்குக் கீழே நூற்பெயரை எழுதாமல் விட்டிருப்பாராயின், வளையாபதி என்பது வெறும் பெயராகவே எஞ்சியிருக்கும். மயிலை சீனி. வேங்கடசாமி எழுதிய மறைந்துபோன தமிழ் நூல்கள் என்னும் நூல் முழுவதும் இத்தகைய மேற்கோள்களைக் கொண்டே கட்டப்பட்டது என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைமைப் பொறுப்பைத் தனிநாயக அடிகள் 1961இல் ஏற்று 1969 வரை வகித்தார். 1966ஆம் ஆண்டு ஏப்பிரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடே அடிகளின் பணியாகப் பலரும் நினைவிற்கொள்வது. அதே ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த வேறு இரு நூல்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஒன்று, தமிழியல் நூல்களுக்கான ஆங்கில வழிகாட்டிப் பட்டியல். மற்றொன்று, அந்தாவோ தெ புரோயென்சா என்னும் இயேசு சபைத் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துக்கீச அகராதியின் நிழற்படப் பதிப்பு. அவ்வகராதி ஆசிரியர் 1666இல் மறைந்தபின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. அப்படி ஓர் அகராதி உண்டு என்ற செய்தி பிற நூல்களின் வழியே அறிஞரிடையே நெடுங்காலம் வழங்கிவந்தது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைக் கண்டு, அதனைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, யாவரும் பார்க்கும் வண்ணம் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டவர் அடிகளாவார்.

முதல் தமிழ் அச்சு நூல் பற்றிய ஆய்விலும் இதே போக்கினைக் காணலாம். 1577ஆம் ஆண்டில் தமிழ் நூலொன்று அச்சானது என்னும் செய்தி, நூலைக் கண்ணுற்றார் எவருமின்றி, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்று ஏறத்தாழ உறுதிப்பொருளாகவே நின்றது. ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தை வந்தடைந்த தம்பிரான் வணக்கத்தின் படியை ஷுர்ஹாம்மரும் காட்ரெலும் 1952இல் விளக்கி எழுதினர். அந்நூல் கொல்லத்தில் 1578 அக்டோபர் 20ஆம் நாள் அச்சானதாகத் தன்மேலேயே நாள் பொறித்துக்கொண்டுள்ளது. அதற்கும் முன்னதாக 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலையும் அடிகள் தம் கட்டுரைகளால் தமிழுலகிற்கு அறிமுகம் செய்தார். பார்த்தது எது, கேட்டது எது என்னும் பிரிவு வரலாற்றை எவ்வாறு திருத்தவல்லது என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டா. ஓராண்டு வேறுபாடுதானே என்று கருதுவார் உளர். ஆண்டு மட்டுமன்று, ஊரும் நூலும் அச்சிட்டார் பெயரும் சேர்ந்தே மாறின என்பதை அவர்கள் நோக்க வேண்டும்.

இப்பின்னணியோடு கிள்ளானுக்குத் திரும்புவோம்.

நிகழ்ச்சியின் சுருக்கம் பின்வருமாறு. ஐரோப்பியப் போரினால் ரப்பருக்குத் தேவை பெருகிய காலம் அது. இந்தியத் தொழிலாளரின் கூலியோ சீனத் தொழிலாளரின் வருவாயினும் தாழ்ந்திருந்தது. 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதனைத் தலைவராகக் கொண்ட கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளர் சார்பில் கோரிக்கைகளை எழுப்பிற்று. 1941இன் தொடக்க மாதங்களில் கூலி உயர்வுக்காக நிகழ்ந்த வேலைநிறுத்தங்கள் ஓரளவு இணக்கத்தில் முடிந்தன. மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். தொழிலாளர் திரண்டெழுந்தனர். சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்ததாகப் பெரும்பாலான நூல்கள் கூறுகின்றன. நாதன் இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டார்.

இந்நிகழ்ச்சியைத் தமிழில் எழுதுவோர் பெரிதும் சார்ந்திருக்கும் ஆங்கில நூல்கள் இரண்டு. ஒன்று மைக்கேல் ஸ்டென்சன் மேற்கு மலேசிய இந்தியரைப் பற்றி எழுதி 1980இல் வெளிவந்த நூல். மற்றொன்று எச். இ. வில்சன் இவ்வேலைநிறுத்தத்தைப் பற்றியே எழுதி 1981இல் சிங்கப்பூரில் வெளிவந்த சிறுநூல். இரண்டும் மதிப்பிற்குரியன. இரண்டிலும் அடிக்குறிப்புகள் உள. அவ்வடிக்குறிப்புகள் பெரிதும் லண்டனிலுள்ள அரசாவணங்களுக்கே நம்மை இட்டுச்செல்கின்றன. மலாயா ஐக்கிய மாநிலங்கள் தொடர்பான காலனித்துவ அலுவலகக் கடிதங்கள் சி.ஓ. 717 என்னும் வரிசையில் இன்று கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

அவ்வரிசைக் கோப்புகளைப் பயின்றார் அறிவர். ஒரு கோப்பு என்பது ஒரு குரலன்று. ஆளுநர் லண்டனுக்கு அனுப்பிய தந்தி, அதன்மேல் அங்குள்ள அலுவலர் ஒருவர்பின் ஒருவராக எழுதிய குறிப்புகள், தோட்ட முதலாளிகள் சங்கத்தின் முறையீடு, காவல்துறை அறிக்கை, செய்தித்தாள் நறுக்குகள் எனப் பல குரல்கள் ஒரே உறைக்குள் கிடக்கும். அலுவலர்க்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கும். ஒருவர் தொழிலாளரின் குறை நியாயமானதே என்று எழுத, அடுத்தவர் அதனை மறுத்திருப்பார். ஆகவே கோப்பு எண்ணை மட்டும் தருவது முகவரியில் தெருவின் பெயரை மட்டும் எழுதுவதற்கு ஒப்பாகும். யார் எழுதியது, யாருக்கு, எந்நாள், எத்தகைய ஆவணம் என்னும் நான்கும் வேண்டும். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த நாளில் நம் நெறியாளர் ஒவ்வோர் அடிக்குறிப்பின் மீதும் விரல்வைத்து, இதனைச் சொன்னவருக்கு அப்பொழுது என்ன தேவை இருந்தது என்று கேட்பது வழக்கம். எரிச்சலூட்டிய அக்கேள்வியை இன்று நம் மாணவரிடம் நாம் கேட்கிறோம்.

தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் 'நாதனின் தூண்டுதலால் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர்' என்பது போன்ற தொடர்களைக் காண்கிறோம். எழுதியவர் நாதனைப் புகழ்வதாகவே கருதியிருப்பார். ஆனால் வெளியாள் ஒருவர் தூண்டினார் என்பது வேலைநிறுத்தத்தை அடக்கியோர் தம் செயலுக்குக் கூறிய காரணமுமாகும். தூண்டுவார் இருந்ததால்தான் எழுச்சி வந்தது என்று கொண்டால், கூலிக் குறைவும் கள்ளுக்கடையும் அவமதிப்பும் காரணங்களாகாமற் போய்விடும்; தொழிலாளர் தாமே எண்ணித் துணிந்தவர் ஆகார். ஒரு காவல்துறைக் கருத்து, ஆளுநர் தந்தியில் ஏறி, ஆங்கில நூலில் ஆராயப்பட்டு, தமிழ் நூலில் சுருக்கப்பட்டு, ஆய்வேட்டில் பாராட்டாக வந்து நிற்கிறது. இடையிலுள்ள படிகளை அடிக்குறிப்பு காட்டியிருந்தால் படிப்பவர் விழித்துக்கொள்வார். 'ஸ்டென்சன் 1980' என்று மட்டும் இருந்தால் விழிக்க வழியில்லை. அதுவுமின்றி, ஸ்டென்சனைப் பாராமல், ஸ்டென்சனைச் சுருக்கிய வேறொரு தமிழ்க் கட்டுரையைப் பார்த்துவிட்டு 'ஸ்டென்சன் 1980' என்று எழுதினால் அதனை என்னென்பது? பார்த்த நூலைக் கூறி, 'அதில் எடுத்தாளப்பட்டது' என்று சேர்த்தெழுதுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. எழுதாமல் விடுவதுதான் இழுக்கு.

மேற்கோள் குறிகளின் செய்தி இதனினும் நுட்பமானது. கோரிக்கைகள் தோட்டங்களில் தமிழில் பேசப்பட்டவை என்பதில் ஐயமில்லை. லயத்து வாயிலிலும் கோயில் முற்றத்திலும் ஆங்கிலத்தில் எவரும் பேசியிரார். ஆயினும் நமக்குக் கிடைப்பது ஆங்கிலப் பட்டியலே. அதனை மாணவர் மீண்டும் தமிழாக்கி மேற்கோள் குறியிட்டுவிடுகின்றனர். படிப்பவர் அது தொழிலாளரின் சொந்தச் சொல் என்றே கொள்வார். ஆங்கிலப் பட்டியலில் தோட்ட அலுவலரைக் குறிக்கும் ஒரு பொதுச்சொல் உள்ளது. தொழிலாளர் அதனை எவ்வாறு சொல்லியிருப்பர்? கிராணி என்றா, தண்டல் என்றா, பெரிய கிராணி, சின்ன கிராணி என்று பிரித்தா? 'கறுப்பு ஐரோப்பியர்' என்று பொருள்படும் தொடர் ஒன்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் தமிழ் மூலம் 'கறுப்புத் துரை' என்பதாக இருத்தல் கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது. அது நம் ஊகமே. மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் விதி ஆங்கிலத்தில் ஒரு கட்டுப்பாடாக ஒலிக்கிறது. தோட்டத்துத் தமிழில் அது மரியாதை, திமிர், மானம் ஆகிய சொற்களோடு வந்திருக்குமா? இவ்வேறுபாடுகள் சிறியனவல்ல; கூலிக்காக எழுந்தனரா, மானத்திற்காக எழுந்தனரா என்று வரலாற்றாசிரியர் வாதிடும் இடமே இதுதான். ஊகித்தெழுதிய ஒரு சொல் மேற்கோள் குறிக்குள் புகுந்துவிட்டால் அடுத்த தலைமுறை அதனையே சான்றாகக் கொண்டு வாதிடும்.

ஆகவே நாம் வேண்டுவது எளியது. தமிழில் கிடைத்ததை மட்டும் மேற்கோள் குறிக்குள் தருக. ஆங்கிலத்திலிருந்தோ மலாயிலிருந்தோ பெயர்த்ததைக் கருத்துரையாகத் தருக. நேர்மேற்கோளாகத் தந்தே தீர வேண்டுமாயின், 'ஆங்கில ஆவணத்தின் தமிழாக்கம் கட்டுரையாளருடையது' என்று அவ்விடத்திலேயே குறிப்பிடுக. இஃது ஒரு வரிதான். இவ்வரி இல்லாமையால் மலேசியத் தமிழர் வரலாற்றில் தமிழர் பேசாத தமிழ் மிகுந்துவிட்டது.

தமிழ் மூலங்களே இல்லையோ எனில், தேடியோர் தொகை குறைவு என்பதே நம் விடை. 'தமிழ் நேசன்' 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டு 2019இல் நின்றுபோயிற்று. சிங்கப்பூரில் 1935இல் தோன்றிய 'தமிழ் முரசின்' பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் வீட்டிலிருந்தே படிக்க இயலும். அதே தொகுப்பில் அக்கால ஆங்கில நாளேடுகளும் உள. ஒரே நிகழ்ச்சியை இரு மொழி ஏடுகளிலும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் பயிற்சியை இளங்கலை மாணவருக்கே கொடுக்கலாம். அவ்வாறு செய்வோர் நாள், பக்கம் ஆகியவற்றோடு, அது செய்தியா, தலையங்கமா, வாசகர் கடிதமா, விளம்பரமா என்பதையும் குறிக்கப் பழக வேண்டும். 'தமிழ் நேசன், 1941' என்னும் குறிப்பைக் கொண்டு எவரும் எதனையும் கண்டெடுக்க முடியாது.

இவ்வகையில் கிள்ளானிலேயே நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. தமிழாசிரியராகப் பணியாற்றிய முரசு நெடுமாறன் பல்லாண்டு தேடித் தொகுத்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் 1997இல் வெளிவந்தது. 1887 முதல் 1987 வரை நூறாண்டுக் கவிதைகளை அது தாங்கி நிற்கிறது. பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வு நிதியோ இன்றி ஆசிரியர் ஒருவர் செய்த பணி அது. 1887 என்னும் தொடக்க ஆண்டு சிங்கப்பூரில் அச்சான சதாசிவ பண்டிதரின் நூல்களையொட்டி அமைந்தது. பின்னர், 1872இல் சிங்கப்பூரில் அச்சான முனாஜாத்துத் திரட்டு என்னும் இசுலாமியத் தமிழ் நூல் கவனத்திற்கு வந்து, இப்பகுதியின் தமிழ் அச்சிலக்கிய வரலாறு மேலும் 15 ஆண்டு பின்னோக்கிச் சென்றது. இதனால் களஞ்சியத்திற்குக் குறையொன்றுமில்லை. தொடக்க ஆண்டை வெளிப்படையாகக் கூறியதால்தான் திருத்தமும் எளிதாயிற்று. 'நெடுங்காலத்திற்கு முன்பே மலாயாவில் தமிழ் இலக்கியம் தழைத்தது' என்று எழுதுவாரை எவராலும் திருத்த முடியாது. அவர்கள் திருத்தத்திற்கு இடமளிப்பதே இல்லை. 'முதல்' என்னும் சொல்லை எழுதும் பொழுதெல்லாம், 'இதுவரை கிடைத்தவற்றுள்' என்பதையும் நூலைக் கண்ட இடத்தையும் சேர்த்தெழுதுவது நலம்.

வடிவம் பற்றியும் சில சொல்ல வேண்டியுள்ளது. மேலை முறைகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவதால் எழும் இடர்கள் சில உள. குடும்பப்பெயரை முன்னிறுத்தும் முறையில் வையாபுரிப் பிள்ளை 'பிள்ளை, வை.' என்றும், சாமிநாதையர் 'ஐயர், உ.வே.' என்றும் ஆகிவிடுகின்றனர். ஒரு துணைநூற்பட்டியலில் பிள்ளைகள் எழுவர் அடுத்தடுத்து நின்றால் யார் எவரென்று தெரிவதில்லை. மலேசியாவில் மகன், மகள் என்னும் குறிகளுக்குப் பின்வரும் தந்தை பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டு, எழுதியவரின் தந்தையை நூலாசிரியராக்கிவிடும் விந்தையும் நிகழ்கிறது. தமிழ்ப் பெயர்களை இயற்பெயரால் வரிசைப்படுத்தி, தலைப்பெழுத்தைப் பின்னே இடுவதே பொருந்தும் என்பது நம் கருத்து. தலைப்பெழுத்துகளைத் தனித்தமிழாக்கும் ஆர்வமும் அளவோடு இருத்தல் வேண்டும். ஆர். எச். நாதனின் 'ஆர்' எப்பெயரின் முதலெழுத்து என்று சான்றால் அறியாமல் 'இரா.' என்று எழுதினால், பிற்கால ஆய்வாளர் இருவேறு நாதன்களைத் தேட நேரும். நூலின் முகப்பில் இருந்தவாறே எழுதுவதே முறை.

பழம்பதிப்புகளின் முகப்பில் காணும் பிரபவ முதலிய தமிழாண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கொருமுறை திரும்ப வருவன. கிறித்தவ ஆண்டாக மாற்றுவோர் மூல ஆண்டுப் பெயரையும் உடனெழுத வேண்டும். கையிலுள்ள மறுபதிப்பின் ஆண்டை நூல் தோன்றிய ஆண்டாகக் காட்டும் பிழையும் மிகுதி. நன்னூல் 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதாகத் தோன்றும் அடைப்புக்குறிகள் நம் ஆய்வேடுகளில் உள. சங்கப் பாடல்களுக்குப் பாட்டெண் போதும் என்பாருடன் நாம் உடன்படவில்லை. பாடவேறுபாடு உள்ள அடியைக் கொண்டு வாதிடுவோர் எப்பதிப்பு என்பதையும் கூறியாக வேண்டும். அண்மையில் புதிய இடர் ஒன்றும் சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை ஐயமற்ற நடையில் தருகின்றன. வடிவம் மட்டும் பார்க்கும் ஆசிரியர் அதற்கு முழு மதிப்பெண் வழங்க வேண்டியிருக்கும். நூலைக் கொண்டுவா, பக்கத்தைக் காட்டு என்று கேட்பவரிடம் அது செல்லாது.

இறுதியாக, வாய்மொழிச் சான்றுகள். பிரிக்பீல்ட்சின் இரயில்வே குடியிருப்புகளிலோ கிள்ளான் தோட்டங்களிலோ வாழ்ந்த முதியோரைக் கண்டு பேசும் மாணவர் 'நேர்காணல்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகின்றனர். சொல்லும் மூதாட்டி 1941இல் அங்கிருந்தவரா, அங்கிருந்த தாயிடம் கேட்டவரா, அன்றிப் பின்னாளில் மேடைப்பேச்சில் கேட்டவரா என்பது தெரிய வேண்டும். மூன்றும் மதிப்புடையனவே, மூன்றும் ஒன்றல்ல. இடப்பெயரிலும் இதே கவனம் வேண்டும். பிராங் பெசார் தோட்டம் இருந்த இடம் இன்று புத்ராஜெயா. சீபீல்ட் தோட்டத்து நிலத்தில் 1970களில் எழத் தொடங்கியது சுபாங் ஜெயா. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகருக்குள் அடங்கிற்று. லயங்கள் இடிக்கப்பட்டன, பெயர்ப்பலகைகள் அகற்றப்பட்டன, வாழ்ந்தோர் பல திசைக்கும் பெயர்ந்தனர். மூதாட்டி 'நாலாங்கட்டை' என்றோ 'பழைய ஸ்டோர் பக்கம்' என்றோ சொல்லும் இடத்தைக் கட்டுரையாளர் தம் விருப்பப்படி 'சுபாங் ஜெயா' என்று மாற்றி எழுதிவிட்டால், பின்னர் எந்த வரைபடத்தாலும் அவ்விடத்தை மீட்க இயலாது. ஆகவே நேர்காணல் குறிப்பில் அவர் சொன்ன இடப்பெயரை அவர் சொன்னவாறே முதலிலும், தோட்டத்தின் பதிவுப் பெயரையும் பிரிவையும் அடுத்தும், இன்றைய பெயரை இறுதியிலும் எழுதுமாறு நம் மாணவருக்குக் கூறிவருகிறோம். பேசிய நாளும், பேசிய மொழியும், ஒலிப்பதிவு வைக்கப்பட்டுள்ள இடமும் அதே குறிப்பில் இடம்பெற வேண்டும். தம் பெயரை வெளியிட வேண்டாவென்று அவர் கேட்டுக்கொண்டால் பெயரை மட்டும் நீக்கி, எஞ்சியவற்றை அப்படியே விட்டுவைக்கலாம்.